நிலவறையில் தோற்ற பின்

பழைய கன்சோல்களில் வந்த நிலவறை விளையாட்டுகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. அந்தக் காலத்து ஆட்டம்போல் இனி வருமா என்று உருகுகிறவர்கள் ஒரு பக்கம். பத்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு, ஒரே சுவர், ஒரே சண்டை, இதில் என்ன இருக்கிறது என்று மூடிவைப்பவர்கள் மறுபக்கம். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லா ஆட்டங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தீர்ப்புச் சொல்வதால், எது நியாயமான கடினம், எது வெறும் இழுத்தடிப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது. இவற்றை எடைபோட நான் ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன். தோற்று எழுந்த பிறகு ஆடுகிறவரிடம் என்ன மிஞ்சுகிறது? ஏதாவது ஒரு பாடம் மிஞ்சினால் அந்தத் தோல்விக்குப் பொருள் உண்டு. மணிக்கணக்கில் ஆடியதெல்லாம் வீண் என்ற அலுப்பு மட்டும் மிஞ்சினால் குற்றம் ஆட்டத்தின் மேல்தான்.

இந்த வகை பிறந்தது கணினியில். 1980 வாக்கில் மைக்கேல் டாய், கிளென் விச்மன், கென் ஆர்னால்ட் ஆகியோர் யூனிக்ஸ் கணினிகளுக்காக உருவாக்கிய ‘ரோக்’ ஒரு வேர். 1981இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய ‘விசார்ட்ரி’ இன்னொரு வேர். ரோக்கில் நிலவறையை மேலிருந்து பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் அறைகளும் வழிகளும் புதிதாக அமைகின்றன. செத்தால் செத்ததுதான், மறுபடி ஒன்றாம் தளம். விசார்ட்ரியில் நிலவறை நம் கண்முன்னே தாழ்வாரமாக நீள்கிறது. அதன் அமைப்பு மாறாது. ஆறு பேர் கொண்ட குழுவை நாம் நடத்திக்கொண்டு போக வேண்டும். வீட்டு டிவியில் ஆடும் கன்சோலிலும் இந்தத் தாழ்வாரக் காட்சி சீக்கிரமே வந்துவிட்டது. இன்டெலிவிஷனில் 1983இல் வந்த ‘ட்ரெஷர் ஆஃப் டார்மின்’ அப்படிப்பட்டது. ஆனால் இந்த வகை கன்சோலில் உண்மையாக வேர்பிடித்தது ஜப்பானில், நின்டெண்டோவின் ஃபேமிகாமும் சேகாவின் மாஸ்டர் சிஸ்டமும் இருந்த காலத்தில்தான்.

அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஃபேமிகாமின் வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. நான்கு திசைகள் மட்டும் கொண்ட கட்டக் கட்டமான நிலவறை, இப்படி ஏழ்மையான இயந்திரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. விசார்ட்ரியில் ஒரு தளம் 20க்கு 20, அதாவது 400 கட்டங்கள். ஒரு கட்டத்தின் நான்கு பக்கங்களிலும் சுவரா, கதவா, திறப்பா என்று குறித்துவைக்க ஒரு பைட் போதும். 400 பைட்டில் ஒரு தளமே அடங்கிவிடும். திரையில் காட்ட வேண்டியதும் முன்கூட்டி வரைந்துவைத்த சில சுவர்த் துண்டுகளின் சேர்க்கைதான். மீதியை ஆடுகிறவரின் மனம் கட்டிக்கொள்ளும். ரோக் வழி வந்த ஆட்டங்களில் அமைப்பைச் சேமித்து வைக்கவே வேண்டியதில்லை, ஆடும்போதே இயந்திரம் உருவாக்கிக்கொள்ளும். இந்தச் சிக்கனத்தில்தான் இவ்வகையின் பெருமையும் இருக்கிறது, ஒரே மாதிரிச் சுவர்களின் சலிப்பும் இருக்கிறது.

முதலில் விசார்ட்ரியை எடுத்துக்கொள்கிறேன். ஃபேமிகாமுக்கு அது 1987இல் வந்தது. கென்தாரோ ஹனேதா இசையமைத்தார், ஜுன் சுவேமி அரக்கர்களை வரைந்தார். ஆப்பிள் 2இல் கோடுகளாக மட்டும் இருந்த நிலவறைக்கு இவர்களால்தான் ஒரு கம்பீரம் கிடைத்தது. ஆட்டத்தின் நேர்மை மேப்பில் இருக்கிறது. திரையில் மேப் கிடையாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் நாமே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். அந்த மேப்பைக் கெடுப்பதற்கென்றே வடிவமைப்பாளர்கள் பொறிகளை வைத்திருக்கிறார்கள். சில கட்டங்களில் கால் வைத்தால் சத்தமில்லாமல் நம்மைத் திருப்பிவிடும். வடக்கே போகிறோம் என்று நினைத்துக் கிழக்கே போய்க்கொண்டிருப்போம். சில இடங்கள் முழு இருட்டு. தளத்தின் ஒரு ஓரத்தைத் தாண்டினால் எதிர் ஓரத்தில் வந்து நிற்போம். கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நோட்டில் இடிக்கும்போதுதான் ஏமாந்தது புரியும். அப்போது ‘டுமாப்பிக்’ மந்திரம் நாம் நிற்கும் இடத்தையும் திசையையும் சொல்லும். அதையும் எண்ணி எண்ணித்தான் பயன்படுத்த முடியும். எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வதே இங்கே ஆட்டம். அது ஆடுகிறவரின் தலையில் தங்குகிறது. பாத்திரம் செத்தாலும் அது போவதில்லை.

சாவையும் இந்த ஆட்டம் அதே கண்டிப்போடு நடத்துகிறது. ஒருவர் இறந்தால் கோயிலில் காசு கட்டி உயிர்ப்பிக்கலாம். அது தவறினால் உடல் சாம்பலாகும். சாம்பலிலிருந்து மீட்கும் முயற்சியும் தவறினால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்தே அழிந்துவிடும். ஆறு பேரும் அழிந்தால் உடல்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். புதிதாக ஒரு குழுவைச் சேர்த்து, வளர்த்து, அந்தக் கட்டத்துக்கே போய் மீட்டுவர வேண்டும். தோல்வி இங்கே அடுத்த பயணத்துக்கான காரணமாகிவிடுகிறது. எந்தத் தளம், எந்தக் கட்டம் என்று நம் நோட்டில் இருக்கிறது, அங்கே என்ன காத்திருக்கிறது என்பதும் தெரியும். இதைவிடப் பொருளுள்ள தோல்வியை இன்றைய ஆட்டங்களிலும் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் விசார்ட்ரியின் குறைகளைப் பூசி மெழுக மாட்டேன். பத்துத் தளங்களில் 5 முதல் 8 வரை உள்ள நான்குக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. நான்காம் தளத்தில் நீல ரிப்பனை எடுத்துவிட்டால் லிஃப்ட் நேராக ஒன்பதாவதுக்கு இறக்கிவிடும். அதற்குப் பதிலாக ஆட்டம் நம்மிடம் கேட்பது அனுபவப் புள்ளிகள். முதல் தளத்தில் ‘மர்ஃபியின் ஆவி’ இருக்கும் அறைக்குத் திரும்பத் திரும்பப் போய் அதே ஆவியை அடித்து லெவல் ஏற்றுவது, இதை ஆடியவர்கள் பலருக்கும் தெரிந்த வழி. அந்த அறையில் நாம் கற்பது ஒன்றுமில்லை. ஃபேமிகாம் பதிப்பில் இன்னும் பெரிய பிழை ஒன்று உண்டு. கவசம் போடப் போடத் திரையில் பாதுகாப்பு எண் நன்றாகிக்கொண்டே போகும், ஆனால் சண்டையில் அது வேலை செய்வதில்லை. எண்களை நம்பித்தான் இந்த ஆட்டமே நடக்கிறது. அந்த எண்ணே பொய் சொன்னால், அடி வாங்கியவர் தன் தவறு எது என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

இதே பதிப்பை ஃபேமிகாமுக்கு உருவாக்கிய கேம் ஸ்டுடியோவைத் தொடங்கியவர் மசனோபு எண்டோ. அவர் அதற்கு முன்பு நாம்கோவில் செய்த ‘ட்ருவாகாவின் கோபுரம்’ 1984இல் ஆர்கேடிலும் அடுத்த ஆண்டு ஃபேமிகாமிலும் வந்தது. அறுபது தளங்கள் ஏறி கில் என்ற வீரன் கி என்ற பெண்ணை மீட்க வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு தளத்திலும் ஒரு புதையல் பெட்டி ஒளிந்திருக்கும். அதை வரவழைக்க ஒரு நிபந்தனை உண்டு, அதை ஆட்டம் சொல்லாது. முதல் தளத்தில் மூன்று பச்சைச் சகதிகளைக் கொன்றால் சுவரை உடைக்கும் செப்புக் கோடாலி வரும். இதுவரை சரி, யாரும் தற்செயலாகக் கண்டுபிடித்துவிடலாம். மேலே போகப் போக நிபந்தனைகள் விபரீதமாகும். ஒரு தளத்தில் இயந்திரத்தின் ஸ்டார்ட் பொத்தானையே அழுத்த வேண்டும். சில பொருள்களைத் தவறவிட்டால் கடைசிவரை போனாலும் ஆட்டத்தை முடிக்க முடியாது. ஆர்கேடில் இது ஓரளவுக்குப் பலித்தது. ஒருவர் கண்டதை இன்னொருவருக்குச் சொல்ல, கூட்டமாக ஒரு புதிரை அவிழ்த்தார்கள். அதே ஆட்டத்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆடும் சிறுவனுக்குக் கொடுத்தால் வழிகாட்டிப் புத்தகம் வாங்கினால்தான் உண்டு. அறிவு ஆட்டத்துக்கு வெளியே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வகை ஆட்டங்களிலேயே என் பொறுமையை மிக அதிகமாகச் சோதிப்பது இந்தக் குணம்தான், எண்டோவின் கற்பனை எவ்வளவு பெரியதானாலும்.

1987 டிசம்பரில் மாஸ்டர் சிஸ்டத்துக்கு வந்த ‘ஃபேன்டசி ஸ்டார்’ வேறு ஜாதி. அன்றைக்கு மிகப் பெரியதான 4 மெகாபிட் கேசட்டில் வந்த ஆட்டம் அது. ரியேகோ கொடாமா ஓவியங்களுக்குப் பொறுப்பேற்றார், யூஜி நாகா நிரல் எழுதினார். அண்ணனைப் பறிகொடுத்த அலிஸ் என்ற இளம்பெண்தான் நாயகி. அந்தக் காலத்தில் அதுவே அரிது. நிலவறைக்குள் ஒரு அடி எடுத்துவைத்தால் சுவர்கள் நம்மை நோக்கி வழுக்கிக்கொண்டு வரும். திரும்பினால் மூலை உண்மையாகவே சுழலும். மற்ற ஆட்டங்களில் படம் மாற்றியதுபோல் வெடுக்கென்று காட்சி மாறும், இங்கே நாம் நடக்கிறோம் என்ற உணர்வு வரும். இது வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியாது. திருப்பத்தைக் கண் பார்த்துக்கொண்டே இருப்பதால் திசை தப்பாது, மனதுக்குள் மேப் தானாக ஒட்டிக்கொள்ளும். ஆட்டத்தின் மனமும் இளகியது. மோட்டாவியா கிரகத்தின் ஆளுநரைப் பார்க்கப் பரிசு வேண்டும். அந்தப் பரிசான கேக்கை வாங்க ஆபத்தான ஒரு குகைக்குள் போனால் அங்கே ஒரு கேக் கடை இருக்கிறது! குகையின் ஆழத்தில் என்ன இருக்குமோ என்று பயந்து போகிறவருக்கு, ஆழம் எப்போதும் சாவை மட்டும் வைத்திருப்பதில்லை என்று அந்தக் கடை காட்டுகிறது.

குறை சண்டையில் இருக்கிறது. பல எதிரிகள் நிற்கும்போது யாரை அடிப்பது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. தொடக்கத்தில் அலிஸ் தனியாக இருப்பாள், கையில் காசும் இருக்காது. ஊருக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றிச் சிறு பூச்சிகளை அடித்து, ஊருக்குள் ஓடிவந்து உடம்பைத் தேற்றி, மறுபடி வெளியே போக வேண்டும். நல்ல ஆயுதம் வாங்கும்வரை இதுவேதான் வேலை.

இந்த நோய் அந்தத் தலைமுறைக்கே பொதுவானது. நடக்கும்போது திடீரென்று திரை மாறிச் சண்டை வரும், எப்போது வரும் என்பது இயந்திரத்தின் தற்செயல் கணக்கு. இதற்கு ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு விலை இருப்பதால்தான் ‘இன்னும் ஒரு கதவைத் திறக்கலாமா, திரும்பிவிடலாமா’ என்ற நடுக்கம் வருகிறது. நிலவறை ஆட்டத்தின் உயிர் அந்த நடுக்கம்தான். ஆனால் புதிர் ஒன்றை யோசித்துக்கொண்டு ஒரே தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் நடக்கிறவரை மூன்றடிக்கொருமுறை நிறுத்தி, ஒரே பொத்தானை அழுத்தி முடிக்கக்கூடிய சண்டையைக் கொடுத்தால் நடுக்கம் எரிச்சலாகிவிடும். சண்டை எத்தனை முறை வருகிறது என்பதைவிட, வரும் சண்டை ஒரு முடிவை எடுக்க வைக்கிறதா என்பதே முக்கியம்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டது அட்லஸ் உருவாக்கி நாம்கோ 1987இல் ஃபேமிகாமுக்கு வெளியிட்ட ‘மெகாமி டென்செய்’. எதிரே வரும் பேயுடன் பேச்சுவார்த்தை நடத்தி நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பேய்களைக் கலந்து மூன்றாவதை உண்டாக்கலாம். கூட்டிக்கொண்டு நடக்கும் பேய்கள் அடிக்கு அடி மேக்னடைட் என்ற பொருளைத் தின்னும். பலமான படையோடு நடந்தால் செலவு, தனியாக நடந்தால் ஆபத்து. வெறும் நடையே கணக்குப் போட வேண்டிய காரியமாகிவிடுகிறது. 1992இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த ‘ஷின் மெகாமி டென்செய்’ தானாக வரையும் மேப்பையும் சேர்த்துக்கொண்டு இதைப் பக்குவப்படுத்தியது. சேகாவின் மெகா டிரைவில் 1991இல் வந்த ‘ஷைனிங் இன் தி டார்க்னஸ்’ பார்க்க அழகு, ஆனால் விசார்ட்ரி சொல்லாத எதையும் புதிதாகச் சொல்லவில்லை. ‘கான்ட்லெட்’ போன்ற ஓடி அடிக்கும் ஆட்டங்களை நான்கு பேராக ஆடும் மகிழ்ச்சிக்காகவே மன்னிக்கலாம். அதில் நேரம் ஆக ஆகத் தானாகக் குறையும் ஆயுள், ஆர்கேடில் காசு போட வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு. வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

சேவ் செய்யும் வசதி தனி அவதி. மெகாமி டென்செய்யின் முதல் பாகத்தில் நீளமான பாஸ்வேர்டை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்துத் தப்பினால் அத்தனை உழைப்பும் போச்சு. கேசட்டுக்குள் சிறு பேட்டரி வைத்தது பெரிய விடுதலை. அந்த பேட்டரியும் ஆண்டுகள் கழித்துத் தீர்ந்துவிடும். பழைய கேசட்டை இன்று விலை கொடுத்து வாங்குகிறவர்கள் சால்டரிங் செய்து பேட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது. நம் ஊரில் 90களில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் ஃபேமிகாமின் நகல்கள் வீடு வீடாக வந்தபோது, பல ஆட்டங்களை ஒன்றாக அடைத்த கேசட்டுகளில் இந்த வகை அநேகமாகக் கண்ணில் படவில்லை. உட்கார்ந்ததும் சுட ஆரம்பிக்கும் ஆட்டங்களுக்குத்தான் அங்கே இடம். பேட்டரியும் ஜப்பானிய எழுத்தும் வேண்டிய ஆட்டங்களுக்கு அந்தச் சந்தையில் வழியில்லை. அதனால் நம்மில் பெரும்பாலோர் இவற்றுக்கு எமுலேட்டர் வழியாக, காலம் கடந்துதான் வந்து சேர்ந்தோம்.

ரோக்கின் கிளை கன்சோலில் தடுமாறித்தான் தொடங்கியது. 1990இல் மெகா டிரைவுக்கு வந்த ‘ஃபேட்டல் லேபிரிந்த்’தில் முப்பது தளங்கள். பசித்தால் உணவு தேட வேண்டும், அளவு மீறித் தின்றாலும் சாவுதான். வழியில் சேரும் தங்கத்துக்கு எந்தக் கடையும் கிடையாது. செத்த பிறகு எவ்வளவு தங்கம் சேர்த்திருக்கிறோமோ அதற்கேற்பச் சமாதியில் அழ ஆட்கள் வருகிறார்கள். அருமையான கற்பனை. ஆனால் பெயர் தெரியாத மருந்தைக் குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ரோக்கின் விதி இங்கே பெரும்பாலும் சூதாட்டமாகவே முடிகிறது. தப்பித்துக்கொள்ளக் கையில் கருவிகள் குறைவு.

அந்தக் கருவிகளைக் கொடுத்தவர்கள் சுன்சாஃப்ட் நிறுவனத்தார். ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டுத் தொடரின் நிரலாளர் கோயிச்சி நாகமுரா அமைத்த நிறுவனம் அது. 1993இல் டிராகன் குவெஸ்ட்டின் வணிகர் டோர்னேகோவை நாயகனாக்கி, சூப்பர் ஃபேமிகாமில் ரோக்கைக் குழந்தைகளும் ஆடும்படி மாற்றினார்கள். 1995 டிசம்பரில் ‘ஷிரென்’ வந்தது. பழைய கன்சோல் நிலவறை ஆட்டங்களில் எதை முதலிடத்தில் வைப்பாய் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஷிரென் ஒரு நாடோடி. நாம் ஒரு அடி வைத்தால் அரக்கர்களும் ஒரு அடி வைப்பார்கள். நாம் நின்றால் உலகமே நிற்கும். தாழ்வாரத்தில் முன்னால் இருவர், பின்னால் ஒருவர், உயிர் பத்துப் புள்ளிதான் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அவசரமே இல்லை. பையைத் திறந்து பார்க்கலாம். இடம் மாற்றும் கோல் ஒன்று இருக்கிறது. பின்னால் நிற்பவன் மேல் அதை வீசினால் அவன் இடத்துக்கு நாமும் நம் இடத்துக்கு அவனும் மாறிக்கொள்வோம். இப்போது மூவரும் ஒரே பக்கம், நம் முதுகுக்குப் பின்னால் வழி திறந்திருக்கிறது. அல்லது காவல் சுருளைக் காலடியில் விரித்தால் அதன்மேல் நிற்கும்வரை பக்கத்தில் வந்து யாரும் அடிக்க முடியாது, ஆனால் சுருள் தரையோடு ஒட்டிக்கொள்ளும், திரும்ப எடுக்க முடியாது. இப்போதே பயன்படுத்துவதா, இன்னும் ஐந்து தளம் கழித்து இதைவிட மோசமான நிலைமை வந்தால் என்ன செய்வது? பையிலிருக்கும் பொருளைச் சோற்றுருண்டையாக மாற்றிவிடும் அரக்கன்கூட உண்டு. நல்ல பொருள் போனால் வயிறு எரியும், பசியில் வாடும்போது அவனே உதவியாகிவிடுவான். செத்த பிறகு நினைத்துப் பார்த்தால், பையிலிருந்தும் பயன்படுத்தாமல் விட்ட ஒரு பொருள் அநேகமாக எப்போதும் இருக்கும்.

செத்தால் லெவலும் பொருள்களும் போய் முதல் ஊருக்கே திரும்புகிறோம். ஆனால் வழியிலுள்ள ஊர்க் கிடங்குகளில் போட்டுவைத்தவை பத்திரமாக இருக்கும். சந்தித்த மனிதர்களின் கதைகள் விட்ட இடத்திலிருந்து நகரும். சுவிட்சை அணைத்துத் தப்பிக்கப் பார்த்தால் அதையும் ஆட்டம் சாவாகவே எடுத்துக்கொள்ளும். இவ்வளவு நியாயமான ஆட்டத்திலும் குறை இல்லாமல் இல்லை. தேர்ந்தவர்களுக்கு முதல் சில தளங்கள் சடங்காகிவிடும். சில பயணங்களில் உணவே அகப்படாமல் பட்டினியால் சாவது நம் தவறு என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்கு இது 2008இல் நின்டெண்டோ டிஎஸ் பதிப்பு வந்த பிறகுதான் முறையாகக் கிடைத்தது.

கணினியிலிருந்து பெயர்த்து வந்தவற்றில் ‘டஞ்சன் மாஸ்டர்’ கவனிக்க வேண்டியது. 1987இல் அட்டாரி எஸ்டியில் வந்த அது, நாம் நின்றாலும் அரக்கர்கள் நிற்காத நிலவறையைக் காட்டியது. சூப்பர் ஃபேமிகாமில் ஓட அதன் கேசட்டுக்குள் டிஎஸ்பி-2 என்ற தனிச் சிப் தேவைப்பட்டது. வேறு எந்த ஆட்டத்திலும் பயன்படாத சிப் அது. ஆனால் மந்திர எழுத்துகளை ஒவ்வொன்றாக மவுசால் சொடுக்க வேண்டிய ஆட்டத்தை, அம்புக்குறியைப் பொத்தானால் நகர்த்தி ஆடும்போது, அரக்கனிடம் தோற்கவில்லை, கையிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியிடம் தோற்கிறோம். ஃப்ரம்சாஃப்ட் 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்குச் செய்த ‘கிங்ஸ் ஃபீல்ட்’ பொத்தானுக்கென்றே யோசித்துச் செய்தது. அதிலும் திரும்புவது ஆமை வேகம்தான். ஆனால் அந்த மந்தத்தை வைத்தே சண்டையின் தாளத்தை அமைத்திருந்தார்கள். அதே நிறுவனம் பின்னர் ‘டீமன்ஸ் சோல்ஸ்’, ‘டார்க் சோல்ஸ்’ செய்தபோது இந்தப் பொறுமையைத்தான் எடுத்துக்கொண்டது.

இன்று இவற்றை ஆடுகிறவர்கள் எமுலேட்டரில் எந்த நொடியிலும் சேவ் செய்துகொள்ளலாம், சண்டையை வேகமாக ஓட்டலாம். இதெல்லாம் ஏமாற்று வேலை என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஃபேன்டசி ஸ்டாரில் பூச்சி அடிக்கும் நேரத்தை வேகமாக ஓட்டினால் ஆட்டம் எதையும் இழப்பதில்லை. ட்ருவாகாவின் புதையல் நிபந்தனைகளைப் பட்டியலாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், எண்டோவின் முதல் ஆட்டக்காரர்களும் அப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி ஆடினார்கள். ஆனால் ஷிரெனில் ஒவ்வொரு தளத்துக்கும் சேவ் வைத்துக்கொண்டால் கோலும் சுருளும் பொருளிழந்து போகும். தவறைத் திருத்திக்கொள்ள முடியும் என்றால் யாரும் பையைத் திறந்து யோசிக்க மாட்டார்கள்.

மேப் விஷயத்தில் அட்லஸ் 2007இல் டிஎஸ்ஸுக்குச் செய்த ‘எட்ரியன் ஒடிசி’ ஒரு நல்ல நடுவழியைக் காட்டியது. கீழ்த் திரையில் எழுதுகோலால் ஆடுகிறவரே மேப் வரைய வேண்டும். நோட்டு தேடும் சிரமம் இல்லை, வரையும் பயிற்சியும் போகவில்லை. விசார்ட்ரியை டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2024இல் புதுப்பித்தபோது ஆப்பிள் 2இன் மூல நிரலையே அடியில் ஓடவிட்டு, மேலே புதிய காட்சியைப் போர்த்தியது. பழைய விதிகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கலாம். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பதிப்பில் விசார்ட்ரியைத் தொடங்கலாம். தானாக வரையும் மேப்பை மட்டும் முதல் நான்கு தளங்களுக்கு நிறுத்திவைத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மேப்பைத் திறந்துகொண்டாலும் நஷ்டமில்லை. அதற்குள் திசை திருப்பும் கட்டங்களை நீங்களே மோப்பம் பிடிக்கத் தொடங்கியிருப்பீர்கள்.